காணாக்கடி

என் இடது காலில் இப்போது ஒன்றும் இல்லை. கெண்டைக்கால் சுத்தமாக இருக்கிறது, வெயிலில் நீட்டிப் பார்த்தாலும் ஒரு கோடு தெரியாது. வலது காலில் எல்லாம் அப்படியே இருக்கிறது, முட்டிக்குப் பின்னால் தொடங்கிக் கணுக்கால் வரைக்கும் சிவப்பும் ஊதாவுமாக நூல் நூலாக. ஒரு காலுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு மறு காலை அப்படியே விட்ட பொம்பளை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறு கால் நின்றுபோனதற்குக் காரணம் என் கால் இல்லை, என் வீட்டுக்காரருடைய நெஞ்சு.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முன்னெல்லாம் நின்றுகொண்டே கத்தினோம், இப்போது பாயை விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்காரச் சொல்கிறார்கள். அப்படி ஒருநாள் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது ஒரு வாண்டு விரலை எச்சிலில் நனைத்து என் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னடி பண்றே என்று அதட்டினேன். "பேனா கிறுக்கியிருக்கு டீச்சர், அழிச்சு விடுறேன்" என்றாள். பக்கத்து வகுப்பு டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேலையைத் தூக்கிக் காலைப் பார்த்து அழுதேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் கால் அழகுக்கு அழுவாளா ஒருத்தி என்று கேட்டால், அழுதேன், அவ்வளவுதான். சேலைக்குள்ள இருக்கிறத எவன் பாக்கப் போறான் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏன், நான் பார்க்க மாட்டேனா?

நரம்பு என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. கைகாலை ஆட்டுவதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு. அதனால் நான் முதலில் போய் நின்றது தேனியில் ஒரு நரம்பு டாக்டரிடம். அவர் சின்னச் சுத்தியலால் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு" என்றார். நான் கெண்டைக்காலைக் காட்டினேன். "இது ரத்தக்குழாய். நான் பாக்கிற நரம்பு வேற, நீங்க சொல்ற நரம்பு வேற" என்று சொல்லித் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். நாலு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், வெட்கமாகப் போய்விட்டது.

தோல் டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் ஸ்கேன் எடுத்து, உள்ளே இருக்கிற பெரிய குழாய்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டாள். இது மேலோட்டமான சின்னக் குழாய்கள்தான், லேசர் வைத்துச் சுட்டால் சுருங்கி மறைந்துவிடும், ஒரே நாளில் ரெண்டு காலும் வேண்டாம், நம் நிறத்துக்குக் கறுப்புத் தழும்பு விழலாம், ஒரு காலுக்கு வைத்துப் பார்ப்போம் என்றாள். சுடுவது என்றதுமே பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். நரம்பைச் சுட்டால் கால் விளங்காமல் போய்விடுமாம். அந்தப் பயத்தில்தான் தனியாகப் போகாமல் என் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவருக்குத் திராட்சைத் தோட்டம், பன்னீர் திராட்சைப் பந்தல். எங்களுடையது கிறிஸ்தவ ஊர். கோயிலும் பள்ளிக்கூடமும் எவ்வளவு பழசோ குடியும் அவ்வளவு பழசு. என் மாமனார் குடித்தே செத்தவர். ஈரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, கண் மஞ்சளாகிச் செத்தார். மகன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தொடாததோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. கோயிலில் மது மறப்புச் சபை ஒன்றை வைத்துக்கொண்டு, குடிக்கிறவனையெல்லாம் ஒயின்ஷாப் வாசலிலிருந்தே சட்டையைப் பிடித்துக் கூட்டிவந்து, வேதப் புத்தகத்தின்மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குவார். "ஏலே, பிள்ளைகளுக்குச் சோறு இல்லாமக் கெடக்கு, நீ இங்கன ஊத்திக்கிட்டிருக்கியா" என்று அவர் போடுகிற சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். "அண்ணன் தோட்டத்துப் பழந்தான ஒயினாகுது" என்று கேலி பேசுவார்கள். பேசுவார்களே தவிர, அவர் வந்தால் எழுந்து நிற்பார்கள். குடிக்காத மனுசன் என்பதுதான் ஊரில் அவருக்குப் பேர். அந்தப் பேரைத் தவிர அவர் வேறு எதையும் பெரிதாகச் சேர்த்து வைக்கவில்லை.

லேசர் வைத்த அன்று எனக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காலில் ஜில்லென்று ஏதோ தடவினார்கள். பிறகு டாக்டர் பெண் பேனா மாதிரி இருந்த ஒன்றை வைத்து டக் டக்கென்று அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் தாளிக்கும்போது கடுகு தெறித்துக் காலில் விழுந்த மாதிரி சுருக்கென்றது. முடி கருகுகிற வாடை வந்தது. "வலிக்குதா டீச்சர்?" என்று என் வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்று கேட்டார். வீட்டிலும் என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாகத் தொடங்கி அதுவே பழகிவிட்டது. அவருக்கும் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்ற அவர் குனிந்தபோது டாக்டர் பெண்ணின் கண் அவருடைய சட்டையில் போய் நின்றது. வேர்வைக்காக மேல் பட்டன் ரெண்டையும் எப்போதும் திறந்தே விட்டிருப்பார்.

"ஐயா, ஒரு நிமிஷம் இங்க உட்காருங்க. இது எவ்வளவு நாளா இருக்கு?"

அவர் நெஞ்சிலும் கழுத்தடியிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் இருந்தன. ஒரு வருசமாகவே இருந்தன. அவர் சிரித்தார். "அது காணாக்கடிம்மா. பந்தலுக்குள்ளயே நிக்கிறோம்ல, என்னமாச்சும் கடிச்சிருக்கும்."

காணாக்கடி என்றால் கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் பக்கம் உடம்பில் தடிப்போ சிவப்போ எது வந்தாலும் முதல் பேர் அதுதான். வேப்பிலையால் தடவுவோம், மிளகும் வெற்றிலையும் மெல்லுவோம், உப்பில்லாமல் பத்தியம் இருப்போம், பாதிக்குப் பாதி தானாகவே போய்விடும். இது போகவில்லை. போகாவிட்டால் என்ன, வலியா அரிப்பா என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அவள் சின்னக் கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து ஒரு புள்ளியின்மேல் அழுத்தினாள். சிவப்பு காணாமல் போயிற்று. சில்லை எடுத்ததும் தோலுக்கடியில் நடுவில் ஒரு பொட்டு ரத்தம் வந்து, அதிலிருந்து சுற்றிலும் மெல்லிசுக் கால்களாக ஓடி நிறைந்தது. எனக்கு உடம்பு கூசியது. "இதுக்கு ஸ்பைடர்னுதான் பேர். நடுவுல புள்ளி, சுத்திக் கால்" என்று சொல்லிக்கொண்டே அவருடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை ஓரமெல்லாம் மருதாணி வைத்ததுபோலச் சிவந்திருந்தது. பிறகு, "குடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

அவர் முகம் கறுத்துப்போனது. "யாரப் பாத்து என்ன கேள்வி கேக்குறத்தா?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். லிவர்ல ஏதாவது பிரச்சனை இருந்தா இந்த மாதிரிப் புள்ளி வரும். குடிக்காதவங்களுக்கும் லிவர் கெடும். மஞ்சக்காமாலை ஏதாவது வந்திருக்கா? ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுத்துட்டு வாங்க."

மஞ்சக்காமாலை வந்திருந்தது, கல்யாணத்துக்கு முன்னால். கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சரியாகிவிட்டது என்று என் மாமியார் பெருமையாகச் சொல்வார்கள். அதை நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. "இவளுக்கு வச்ச லேசர எனக்கும் வச்சு இதப் பொசுக்கி விட்ருங்க. சோலி முடிஞ்சது" என்றார்.

"அது அஞ்சு நிமிஷ வேலைங்க. ஆனா ரிசல்ட் பாக்காம நான் வைக்க மாட்டேன். வெளிய தெரியறது அடையாளந்தான். அடையாளத்த அழிச்சா உள்ள இருக்கறது போயிடாது."

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு, "வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு, உன் காலுக்குத் துணை வந்தது" என்றார். சின்னமனூர் தாண்டியதும் திடீரென்று அவர் முகம் தெளிந்துவிட்டது. "அந்தப் பிள்ள ஸ்பைடர்னு சொல்லுச்சுல்ல?"

"சொன்னா."

"ஸ்பைடர்னா என்ன, நீதான டீச்சரு, சொல்லு."

"எட்டுக்கால் பூச்சி. அது உருவத்த வச்சுச் சொல்ற பேருங்க…"

"பூச்சிதான்! நான் சொன்னப்ப நம்பினியா? இப்ப டாக்டரே இங்கிலீசுல சொல்லியாச்சு. பூச்சி கடிச்சதுக்கு எதுக்குடி ஈரல டெஸ்ட் எடுக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கர்த்தரே, அன்றைக்கு நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாளே அவர் மயிலாடும்பாறைப் பக்கம் விஷக்கடிக்குப் பச்சிலை கொடுக்கிறவர் ஒருவரைத் தேடிப் போய்விட்டார். சிலந்தி விஷம் என்றாராம் அவரும். ஒரு மண்டலம் பச்சிலைச் சாறு, உப்பு புளி ஆகாது. வெறும் வயிற்றில் அந்தப் பச்சைக் கரைசலைக் குடித்துவிட்டு ஓங்கரித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போவார். ரொம்பப் பிற்பாடு மதுரையில் டாக்டர்களும் உப்பை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பத்தியத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

நான் சண்டை போடாமல் இல்லை. தட்டை வீசியிருக்கிறேன், சோறாக்காமல் படுத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருக்கிற மகள் போனில் அழுது பார்த்தாள். ஒருநாள் அவரை உட்காரவைத்துக் கேட்டுவிட்டேன், உங்களுக்கு நிசமாகவே பூச்சிதான் என்று தோன்றுகிறதா, இல்லை பயமா என்று.

அன்றைக்கு மட்டும் அவர் கோபப்படவில்லை. "குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும்னு நீ நம்புவ. அந்த டாக்டரு நம்பும். ஊரு நம்புமா? ஈரல் கெட்டுச் செத்தவன் மகன் நான். டெஸ்ட் எடுக்கப் போனேன்னு தெரிஞ்சாலே போதும். விதை ஒன்னு போட்டாச் சுரை ஒன்னா முளைக்கும்பான். இத்தன நாளு கதவச் சாத்திக்கிட்டுக் குடிச்சிருக்கான்யா, வெளிய வந்து நமக்குப் புத்தி சொல்லியிருக்கான்யாம்பான். நான் சத்தியம் வாங்குன அத்தன பேரும் அன்னைக்கே கடைக்குப் போயிருவான் டீச்சர்."

"மதுரைக்குப் போவோம். யாருக்கும் தெரியாம எடுத்துட்டு வருவோம்."

"ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதுக்கு நான் என்ன களவா எடுத்தேன்?"

இதற்கு மேல் என்ன சொல்வது? தெரிந்து போனால் குடிகாரன், தெரியாமல் போனால் திருடன். இரண்டும் வேண்டாம் என்றால் பூச்சிதான் மிச்சம். என் வலது காலுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள், நான் போகவில்லை. போனால் அந்தப் பெண் முதலில் என் காலைப் பார்க்க மாட்டாள், ஐயாவுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா என்றுதான் கேட்பாள். 

அடுத்த தவக்காலத்தில் கோயில் மண்டபத்தில் சபைக் கூட்டம் நடந்தது. வருசா வருசம் சத்தியம் செய்து வருசா வருசம் முறிக்கிற ஒருவன் உண்டு, ஜீப்பில் ஆள் ஏற்றி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறவன். அவனை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார் என் வீட்டுக்காரர். அவன் தள்ளாடிக்கொண்டே அவர் நெஞ்சை உற்றுப் பார்த்தான். "பண்றேண்ணே, சத்தியந்தான, பண்ணிருவம். மொதல்ல உங்க நெஞ்சுல என்னன்னு சொல்லுங்க. எங்க மாமனுக்கு ஈரல் போனப்பவும் இப்படித்தான் செவப்புச் செவப்பாப் பூத்துச்சு."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா, அங்கே இங்கே என்று சிரிப்பு பரவியது. பங்குச் சாமியார் அதட்டித்தான் அடங்கியது. என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடிகாரனைச் செருப்பால் அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம். அவன் சொன்னது சரிதான் என்பது அதைவிட ஆத்திரம்.

அதற்குப் பிறகு சித்திரை வெயிலிலும் கழுத்துப் பட்டனோடுதான் திரிந்தார். ஒருநாள் காலையில் தோட்டத்துக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவர் பொழுது சாயத்தான் வந்தார். சட்டையைக் கழற்றினார், நெஞ்சு முழுக்கக் கருகின பொட்டுகள். வேறொரு ஊரில் ஏதோ அழகு நிலையத்தில் லேசர் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறார்.

"அங்கன ஒன்னுமே கேக்கல டீச்சர். படுங்க சார்னாக, கண்ணாடிய மாட்டுனாக, டப்பு டப்புன்னு வச்சாக. குடிப்பியா, தின்னுவியா, ஒரு கேள்வி கிடையாது. அதுவல்லவா மரியாத!"

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்: சில வாரங்களில் அந்தக் கருகல் உதிர்ந்தது, நெஞ்சு பளிங்காகிவிட்டது. ஒரு புள்ளி இல்லை. பழையபடி ரெண்டு பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசித்தார். குரல் கணீரென்று இருந்தது. அந்த ஜீப்காரன்கூட, "அண்ணே, பூச்சி ஓடிப்போச்சா" என்று கேட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கினான். கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லாதபோது மனசு எப்படி ஏமாந்துபோகிறது பாருங்கள், எனக்கே நெஞ்சுப் பாரம் இறங்கி நிம்மதியாகத் தூங்கினேன். ஒருவேளை அந்த டாக்டர் பெண்தான் தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

மழைக்காலத்தில் அவர் கால் வீங்கியது. செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. வயிறு முன்னால் வந்தது, வாய்வு என்றார். கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்ததைப் பார்த்தபோது எனக்கு என் மாமனார் கண்ணுக்குள் வந்து நின்றார். வாங்க போவோம் என்று அவர் காலில் விழுந்தேன். கவாத்து முடியட்டும் என்றார். பந்தலில் கிளை வெட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலையில் வாந்தி எடுத்துச் சரிந்தார். கூட வேலை பார்த்த பெண் ஓடிவந்து, "பழத்தத் தின்னுட்டு எடுத்துட்டாக போலக்கா, ஒரே செவப்பு" என்றாள். கவாத்து நேரத்தில் பந்தலில் பழம் ஏது?

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொண்டை வழியாகக் குழாய் விட்டு ரத்தம் கசிந்த இடத்தைக் கட்டினார்கள். பிறகு ரத்தத்தைச் சோதித்து, வாலிபத்தில் வந்த மஞ்சக்காமாலைக் கிருமி போகவே இல்லை, இத்தனை வருசமாக உள்ளே இருந்து ஈரலைத் தின்றிருக்கிறது என்று சொன்னார்கள். ஊசியிலிருந்து வந்ததோ, முடிவெட்டுகிற கத்தியிலிருந்து வந்ததோ, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. முன்னாலேயே வந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையில் அடக்கி வைத்திருக்கலாமாம். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

அவர் குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு பைத்தியக்காரச் சந்தோசம் வந்தது. ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன், கிருமிதான், ரத்தத்தில் வருகிற கிருமி, குடியில்லை என்று. தலையாட்டிக் கேட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள். "ரத்தத்துல வர்ற கிருமின்னா, எங்கன போயி வாங்குனாராம்?" என்று ஒரு குரல் என் காதிலேயே விழுந்தது. குடி என்றாலாவது ஆம்பளை செய்கிற தப்பு என்று விடுவார்கள், இது அதைவிட அசிங்கமாகப் போயிற்று. என் ஒன்றுவிட்ட நாத்தனார் என் தோளைத் தடவிக்கொண்டே, "வீட்டுக்குள்ள வச்சே சாப்புட்டுக்குவாகளோ மதினி? எங்ககிட்ட என்ன ஒளிவு" என்று கேட்டாள். "ஆமாடி, நான்தான் தெனமும் ஊத்திக் குடுத்தேன்" என்று எரிந்து விழுந்தேன். அதையும் அவள் உண்மை என்றே ஊருக்குக் கொண்டுபோனாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது சும்மா சொன்னதில்லை.

அவரை ஈரல் நோயாளிகள் வார்டில் போட்டிருந்தார்கள். எல்லாம் குடித்துக் கெட்டவர்கள், பாதிப் பேர் அவரைவிடச் சின்னவர்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது பார்த்தேன், நெஞ்சில் இன்னும் ஒன்றுமில்லை, தோளிலும் முதுகிலும் புதுசாகப் புள்ளிகள் பூத்திருந்தன. நான் சொல்லவில்லை. வயிற்றில் கோர்த்த நீரை ஊசி போட்டு இறக்கினார்கள், இறக்க இறக்கக் கோர்த்தது. பேசினால் மூச்சு வாங்கியது. சில நேரம் ஆளே தெரியாமல் உளறினார், பிறகு தெளிந்துவிடுவார்.

அப்படித் தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் ஒரு பெண் கட்டில் கட்டிலாக வந்தாள். குடியை விடச் சொல்லிப் புத்தி சொல்லுகிறவள், அதற்கென்று படித்த பிள்ளை. நல்ல பிள்ளைதான், ஒவ்வொரு கட்டிலிலும் குனிந்து அன்பாகப் பேசினாள். எங்களிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்தப் பழக்கத்தால உங்க உடம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு பாத்தீங்கல்ல? அம்மா எவ்வளவு கஷ்டப்படறாங்க பாருங்க. வீட்டுக்குப் போனப்புறம் தொட மாட்டேன்னு எனக்கு ஒரு வார்த்தை குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

இவர் குடிக்கிறவர் இல்லை, சீட்டைப் பாரும்மா, கிருமி என்று போட்டிருக்கும் பாரு என்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"சரித்தா. இனிமே குடிக்க மாட்டேன்."

அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரொம்ப சந்தோசம் ஐயா, இதே உறுதியோடு இருங்கள் என்று கையை அழுத்திவிட்டு நகர்ந்தாள்.  "என்னத்தச் சொன்னீக? எதுக்கு அப்பிடிச் சொன்னீக?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத டீச்சர். இல்ல இல்லன்னு சொல்லி வாயி வலிக்குது. ஆமான்னா ஒரு வார்த்தையோட போயிருது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் அத்தன கட்டில் இருக்கு."

பக்கத்துக் கட்டில்காரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். குடித்துக் குடித்து ஊதிப்போன முகம், என் மகனாக இருக்கக்கூடிய வயது. அவன் எட்டி என் வீட்டுக்காரர் கையைத் தட்டிக்கொடுத்தான். "அழுகாதீகம்மா. ஒத்துக்கிட்டா மனசு லேசாயிரும். எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. இல்லையாய்யா?"

"ஆமாப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் கண்மூடும் வரைக்கும் அவர் ஒருவரிடமும் இல்லை என்று சொல்லவே இல்லை.